கூட்டணி பிறந்த கதை

திருச்சி காந்தி மார்க்கெட்டில் நள்ளிரவுக்கு மேல்தான் பொழுது விடியும். லாரிகள் வந்து நிற்கும், மூட்டைகள் இறங்கும், கமிஷன் மண்டிகளில் விலை பேசும் குரல்கள் எழும். மக்களவைத் தேர்தல் நெருங்கும் மாதங்களில் அந்தக் குரல்களுக்கு நடுவே வேறொரு கணக்கும் ஓடும். "நல்ல மனுசன்தாண்ணே, ஆனா ஜெயிக்க மாட்டாரு. அவருக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிடும்" என்பார் ஒருவர். "இவங்க வரக்கூடாதுன்னா அவங்களுக்குத்தான் போட்டாகணும் தம்பி, வேற வழி?" என்பார் இன்னொருவர். "தனியா நின்னு ஓட்டைப் பிரிக்கிறாங்கய்யா" என்று மூன்றாமவர் அலுத்துக்கொள்வார்.

மனதுக்குப் பிடித்தவர் யார், ஜெயிக்கக்கூடியவர் யார், வரவே கூடாதவர் யார்? மூன்று கேள்விக்கும் சேர்த்து வாக்காளரிடம் இருப்பது ஒரே ஒரு பட்டன். முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டும் கைநழுவும். அதனால் கோடிக்கணக்கானோர் பிடித்தவரை விட்டுவிட்டு, ஜெயிக்கக்கூடியவர்களில் யார் பரவாயில்லை என்று பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை வாக்காளருக்காகக் கட்சிகளே முன்கூட்டிப் போட்டுவிடுகின்றன. அதற்குப் பெயர்தான் கூட்டணி. அதைத் தலைவர்களின் சாமர்த்தியம் என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். அதன் பிறப்பைத் தேடிப் போனால் தெரிவது வேறு: வாக்காளர்கள் பதினைந்து ஆண்டுகளாகச் செலுத்தி, வீணாய்ப் போன ஓட்டுகளிலிருந்து பிறந்தது அது.

ஒரு ஓட்டு, ஒரு பதில்

1949 ஜனவரி 4. அரசியல் நிர்ணய சபையில், கட்சிகள் பெறும் ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் தர வேண்டும் என்ற திருத்தம் விவாதத்துக்கு வந்தது. அம்பேத்கர் ஏற்கவில்லை. அந்த முறைக்குப் பரவலான எழுத்தறிவு தேவை, நம் நாட்டில் அது இல்லை என்றார். சபை துண்டு துண்டாகி அரசு நிலைகுலையும் என்ற அச்சத்தையும் சொன்னார். பிரிட்டனில் இருந்த முறையே இங்கும் நிலைத்தது. ஒரு தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவரே உறுப்பினர். பாதி ஓட்டு வேண்டியதில்லை, அடுத்தவரைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் போதும்.

1952 தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து, சீட்டை அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். பின்னால் ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறை வந்தது, அதன்பின் மின்னணு இயந்திரம் வந்தது. அந்த இயந்திரத்தை பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய எழுத்தாளர் சுஜாதா, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து திருச்சியில் படித்தவர். பெட்டி போய்ச் சீட்டு வந்தது, சீட்டு போய்ப் பட்டன் வந்தது. ஒருவருக்கு ஒரு பதில் என்ற விதி மட்டும் அசையவில்லை.

இதே மார்க்கெட்டுக்கு நாட்டுத் தக்காளி வாங்க வருபவர், அது கிடைக்காவிட்டால் ஹைபிரிட் வாங்கிக்கொண்டு போவார். எதுவுமே வாங்காமல் வெறும் பையோடு திரும்ப மாட்டார். வாக்குச்சாவடியோ 'அது இல்லையென்றால் எது?' என்று கேட்பதே இல்லை.

சிதறிய ஓட்டுகள்

அந்த விதியின் விளைவு முதல் தேர்தலிலேயே தெரிந்தது. அன்றைய சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. அதன் ஓட்டு சுமார் 35 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வேறு யாருக்கோ போட்டிருந்தார்கள், ஆனால் அந்த வேறு யாரோ பல பேராக நின்றார்கள். திருச்சி மக்களவைத் தொகுதி அப்போதே தன் போக்கில் போனது. டாக்டர் மதுரம் என்ற சுயேச்சையை டெல்லிக்கு அனுப்பியது.

அந்தத் தேர்தலில் தி.மு.க. போட்டியிடவில்லை. தங்கள் கொள்கைக்கு ஒத்துவரும் வேட்பாளர்களை ஆதரித்தது. அப்படி ஆதரவு பெற்ற காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சியார் பின்னர் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். தேர்தலுக்கு முன் யாரோடு நிற்கிறோம் என்பதைவிட, தேர்தலுக்குப் பின் அவர் யாரோடு நிற்பார் என்பது பெரிய கேள்வி என்று தி.மு.க. அப்போது கற்றுக்கொண்டது.

அடுத்த பாடம் திருச்சியிலேயே நடந்தது. 1956 மே மாதம் தி.மு.க.வின் மாநில மாநாடு இங்கே கூடியது. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்ற முடிவைத் தலைமை தானே எடுக்காமல், வந்திருந்தவர்களிடமே விட்டது. கருப்பு, சிவப்பு என்று இரண்டு பெட்டிகள் வைக்கப்பட்டன. நிற்கலாம் என்று 56,942 பேர், வேண்டாம் என்று 4,203 பேர். ஒரு கட்சி தேர்தலில் இறங்குவதையே ஓட்டெடுத்து முடிவு செய்த ஊர் இது. மறு ஆண்டே, அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்த குளித்தலையில் மு. கருணாநிதி தன் முதல் வெற்றியைப் பெற்றார்.

1962 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. 50 இடங்களைப் பிடித்தது, 27 சதவீத ஓட்டும் பெற்றது. ஆனாலும் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். காங்கிரஸ் 46 சதவீத ஓட்டுடன் 206 இடங்களில் 139ஐ வென்றது. எதிர்த்து விழுந்த பாதிக்கு மேற்பட்ட ஓட்டு தி.மு.க., ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சி, கம்யூனிஸ்ட் என்று சிதறிக் கிடந்தது. திருச்சி மக்களவைத் தொகுதி இங்கேயும் தனி வழி. பொன்மலை ரயில்வே தொழிலாளர்களின் தலைவரான கம்யூனிஸ்ட் கே. அனந்த நம்பியாரைத் தேர்ந்தெடுத்தது.

சிதறிய ஓட்டைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை பக்கத்து மாநிலத்தில் இருந்தது. கேரளத்தில் 1957இல் கம்யூனிஸ்ட் கட்சி 35 சதவீத ஓட்டில் 60 இடங்களை வென்று ஆட்சி அமைத்தது. 1960இல் அதன் ஓட்டு 39 சதவீதமாகக் கூடியது, இடங்களோ 29ஆகச் சரிந்தன. காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் மூன்றும் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு, எதிரே ஒரே வேட்பாளரை நிறுத்தியதுதான் காரணம். வடக்கே ராம் மனோகர் லோகியாவும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். 1963 இடைத்தேர்தல்களில் அவரும் கிருபளானியும் மசானியும் காங்கிரசை வென்று மக்களவைக்குப் போனார்கள். மூவரும் வெவ்வேறு கொள்கைக்காரர்கள்.

1967: கணக்கு கூடிய நாள்

தமிழ்நாட்டில் அதற்கான வேளை பசியோடும் கோபத்தோடும் வந்தது. 1964 ஜனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சி ரயில் நிலையத்தின் எதிரே தமிழுக்காகத் தீக்குளித்தார். மறு ஆண்டு இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரிசித் தட்டுப்பாடு சமையலறை வரை வந்தது. கோபம் எல்லோருக்கும் இருந்தது. அதை ஒரே பெட்டியில் விழவைப்பதுதான் வேலை.

அண்ணாவும் ராஜாஜியும் அந்த வேலையைச் செய்தார்கள். 1966 டிசம்பர் இறுதியில் சென்னை விருகம்பாக்கத்தில் தொடங்கிய தி.மு.க. மாநாடு அந்த அணியை மக்கள் கண்முன் நிறுத்தியது. தி.மு.க., சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக், சோஷலிஸ்ட் கட்சிகள், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம், ஆதித்தனாரின் நாம் தமிழர் எல்லாம் அதில் இருந்தன. இவர்களுக்குள் பொதுக் கொள்கை என்று தேடினால் மிகக் கொஞ்சமே கிடைக்கும். தொகுதிக்கு ஒரே வேட்பாளர் என்ற ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தார்கள்.

இதில் கடினமான பங்கு தலைவர்களுக்கு இல்லை, வாக்காளருக்குத்தான். பார்ப்பனர் ஆதிக்கத்தை எதிர்த்துப் பிறந்த இயக்கத்தின் சின்னத்துக்கு ராஜாஜியை நம்பும் அந்தணர் ஓட்டுப் போட வேண்டும். ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்குப் போடுங்கள் என்று ராஜாஜி கேட்டுக்கொண்டதாக இன்றும் சொல்வார்கள். உன் நம்பிக்கையை நீ விட வேண்டாம், ஓட்டை மட்டும் இந்த ஒரு முறை வேறிடத்தில் போடு என்பதே அதன் பொருள். உத்தி பார்த்து ஓட்டுப் போடுவதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை.

திருச்சி மக்களவைத் தொகுதியில் சோதனை இன்னும் கடுமை. இங்கே அணியின் வேட்பாளர் மார்க்சிஸ்ட் கட்சியின் அனந்த நம்பியார். 1952இல் முதலமைச்சரானபோது கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்தவர் ராஜாஜி. அவரைப் பின்பற்றும் சுதந்திரா அனுதாபி ஒருவர் இந்தத் தொகுதியில் அணியின் பேச்சைக் கேட்பதென்றால், அரிவாள் சுத்தியல் நட்சத்திரத்துக்கு ஓட்டுப் போட வேண்டும். நம்பியார் வென்றார்.

முடிவுகள் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தன. தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்களில் தி.மு.க. நின்ற 25லும் வென்றது. சுதந்திரா 6, மார்க்சிஸ்ட் 4, முஸ்லிம் லீக் 1. காங்கிரசுக்கு மிஞ்சியவை 3. சட்டமன்றத்தில் தி.மு.க. 137 இடங்களைப் பெற்றது, காங்கிரஸ் 51ஐ. இதில் கவனிக்க வேண்டியது ஓட்டுக் கணக்கு. காங்கிரசும் தி.மு.க.வும் தனித்தனியே பெற்றது ஏறத்தாழ 41 சதவீதம்தான். சொல்லப்போனால் காங்கிரஸ் ஒரு துளி கூடுதல். ஆனால் தி.மு.க. அணியாகச் சேர்ந்த ஓட்டு பாதியைத் தாண்டியிருந்தது. 1962இல் சிதறியவை 1967இல் சேர்ந்தன. காமராஜரே விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார்.

பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1951இல் எழுதிய நூலில், அதிக ஓட்டு பெற்றவரே வெற்றி என்ற முறை காலப்போக்கில் இரண்டு கட்சிப் போட்டியில் கொண்டுபோய் விடும் என்றார். ஜெயிக்க முடியாத கட்சியை வாக்காளர்கள் கைவிடுவார்கள் என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. தமிழ்நாடு அதற்கு வேறு வழி கண்டது. கட்சிகள் சாகவில்லை, இரண்டு அணிகளாகத் திரண்டன. சிறு கட்சியை நேசிப்பவர் அதைக் கைவிடத் தேவையில்லாமல் போனது, அணியின் வேட்பாளரை ஏற்றுக்கொண்டால் போதும்.

திருச்சியின் சாட்சியம்

அதன்பின் வந்த ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் திருச்சித் தொகுதியின் பட்டியலைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் முழு வாழ்க்கையும் தெரியும். எம். கல்யாணசுந்தரம், இந்தியக் கம்யூனிஸ்ட்: 1971இல் தி.மு.க. அணியில் வென்றார், 1977இல் அ.தி.மு.க. அணியில் வென்றார். எல். அடைக்கலராஜ்: காங்கிரஸ்காரராக அ.தி.மு.க. துணையோடு வென்றவர், 1996இல் தமிழ் மாநில காங்கிரசில் நின்று தி.மு.க. துணையோடு வென்றார். பாரதிய ஜனதாவின் ரங்கராஜன் குமாரமங்கலம்: 1998இல் அ.தி.மு.க. அணி, 1999இல் தி.மு.க. அணி. ஆள் அதே ஆள், நின்ற அணி எதிர் அணி. மூன்று பேரையும் திருச்சி ஏற்றுக்கொண்டது.

இதைக் கொள்கையற்ற வாக்காளரின் செயல் என்று எளிதாகப் பழித்துவிடலாம். அது நியாயமில்லை. மக்களவைக்கு ஓட்டுப் போடும்போது டெல்லியில் யார் அமர வேண்டும், யார் அமரக்கூடாது என்ற கணக்கைத் தமிழர்கள் தனியாகப் போடுகிறார்கள். 1980 ஜனவரியில் தி.மு.க. - இந்திரா காங்கிரஸ் அணிக்கு மக்களவையில் 37 இடங்களை அள்ளிக் கொடுத்தவர்கள், சில மாதங்களில் சட்டமன்றத்தை எம்.ஜி.ஆரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1989 ஜனவரியில் தி.மு.க.வைக் கோட்டையில் ஏற்றியவர்கள், அதே ஆண்டு நவம்பரில் மக்களவைக்கு அதன் வேட்பாளர் ஒருவரைக்கூட அனுப்பவில்லை. தலைவர்கள் கட்டிய அணியை வாக்காளர் எடைபோட்டுப் பார்த்தே ஏற்கிறார்.

அணி உடையும்போது நடப்பதையும் திருச்சி பார்த்திருக்கிறது. 2009இல் அ.தி.மு.க.வின் ப. குமார், காங்கிரசின் சாருபாலா தொண்டைமானை வெறும் 4,335 ஓட்டில் வென்றார். தனித்து நின்ற தே.மு.தி.க. அந்த வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு ஓட்டை வாங்கியிருந்தது. அதற்கு ஓட்டுப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் யார் வென்றிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே தேர்தலில் புதுக்கோட்டையில் வேறொரு கோபம். தொகுதி மறுசீரமைப்பில் தங்கள் மக்களவைத் தொகுதி காணாமல் போய்த் திருச்சி முதலான தொகுதிகளுக்குப் பிரிக்கப்பட்டதை எதிர்த்து, யாருக்கும் ஓட்டில்லை என்று 49-ஓ விதியின் கீழ் பதிவேட்டில் பலர் கையெழுத்திட்டார்கள்.

2013 செப்டம்பர் 27இல், ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு அந்த மறுப்புக்கு ரகசியமான பட்டனைத் தந்தது. அதுதான் நோட்டா. 2014இல் நீலகிரியில் பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியானது. அங்கே நோட்டாவுக்கு விழுந்த ஓட்டு 46,559, அந்தத் தேர்தலில் நாட்டிலேயே அதிகம். பிடித்தவர் பட்டியலில் இல்லை என்றால், அடுத்தவருக்கு மாறாமல் விலகி நிற்பவர்களும் இருக்கிறார்கள் என்று அந்த எண் சொன்னது.

அதே 2014இல் தி.மு.க., பா.ஜ.க. அணி, காங்கிரஸ், இடதுசாரிகள் எல்லாம் தனித்தனியே நிற்க, அ.தி.மு.க. ஏறத்தாழ 44 சதவீத ஓட்டில் 39இல் 37ஐ வென்றது. 2024இல் எதிரணிகள் பிரிந்து நிற்க, தி.மு.க. அணி ஏறத்தாழ 47 சதவீதத்தில் 39ஐயும் வென்றது. திருச்சியில் ம.தி.மு.க.வின் துரை வைகோ, கட்சியின் பழைய பம்பரம் கிடைக்காமல் தீப்பெட்டிச் சின்னத்தில் நின்று 3 லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். அணி சேர்ந்தால் சின்னம்கூடப் பொருட்டில்லை.

கூட்டணி விழுங்கும் விருப்பம்

இவ்வளவு வேலை செய்யும் கூட்டணி ஒன்றை மட்டும் விழுங்கிவிடுகிறது. அது வாக்காளரின் முதல் விருப்பம். காந்தி மார்க்கெட்டைக் கள்ளிக்குடிக்கு மாற்றும் திட்டத்தை ஏற்காமல் ஆண்டுக்கணக்கில் போராடிய வியாபாரியின் ஓட்டும் சரி, சுமை கூலிக்காகக் குரல் கொடுத்த தொழிலாளியின் ஓட்டும் சரி, எண்ணி முடித்ததும் ஏதோ ஒரு அணியின் மொத்தத்தில் கரைந்துவிடும். அவர்கள் உள்ளபடி யாரை விரும்பினார்கள் என்பது எந்தப் பதிவிலும் இருக்காது. வென்றவர் அதை முழுக்க முழுக்கத் தனக்கான ஆதரவு என்றே பேசுவார்.

உலகில் இதற்கு வேறு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். 1918இல் ஆஸ்திரேலியாவின் ஸ்வான் இடைத்தேர்தலில் விவசாயிகள் ஓட்டும் ஆளுங்கட்சி ஓட்டும் பிரிந்ததால், மூன்றில் ஒரு பங்கு ஓட்டை ஒட்டியே பெற்ற தொழிற்கட்சி வேட்பாளர் வென்றார். அந்த நாடு அதே ஆண்டு வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறைக்குச் சட்டம் இயற்றியது. நம் ஊரில் கூட்டணியைப் பெற்ற அதே சிக்கல், அங்கே வேறொரு பிள்ளையைப் பெற்றது. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 2024 செப்டம்பரில் முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களையும் எண்ணித்தான் அநுர குமார திசாநாயக்க வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டார். யாழ்ப்பாணத்து வாக்காளர் மனதுக்குப் பிடித்தவருக்கு 1 போட்டுவிட்டு, பரவாயில்லை என்பவருக்கு 2 போடலாம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் 1, 2, 3 என்று எழுதியே ஓட்டுப் போடுகிறார்கள். 1969இல் வி.வி. கிரி இரண்டாம் விருப்ப ஓட்டுகளின் துணையோடுதான் வென்றார். நாம் அனுப்பும் பிரதிநிதிகளுக்கு இருக்கும் அந்த உரிமை, அவர்களை அனுப்பும் நமக்கு இல்லை. 1949இல் எழுத்தறிவைக் காரணம் காட்டி மாற்று முறையை ஒதுக்கினார்கள். இன்று செல்போனில் பணம் வாங்கும் மார்க்கெட் அக்காவுக்கு 1, 2 என்று வரிசைப்படுத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மக்களவைத் தேர்தலுக்கும் இந்த முறையைக் கொண்டுவருவது பற்றிப் பேசத் தொடங்க வேண்டிய காலம் இது.

அது வரும்வரை கூட்டணிதான் நமக்கு இருக்கும் இரண்டாம் விருப்பம். அதனால் அதை அமைப்பவர்களிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. யாரோடு சேர்கிறீர்கள், எதற்காகச் சேர்கிறீர்கள், வென்றபின் பிரிய மாட்டீர்கள் என்பதற்கு என்ன உறுதி என்று ஓட்டுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் ஊர்க் கோரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தவருக்கே போட்டு அவர் தோற்றாலும் அந்த ஓட்டு வீணல்ல. 1952 முதல் 1962 வரை தோற்ற ஓட்டுகள்தான் 1967ஐப் பெற்றெடுத்தன. அணிக்குப் போட்டாலும் அது அடிமைத்தனம் அல்ல, நீங்கள் போட்ட கணக்கு. எதைச் செய்தாலும் கணக்கை நீங்களே போடுங்கள். அதைத் தலைவர்களிடம் விட்டுவிட்டு வந்தால்தான் ஓட்டு வீணாகும்.